மோட்டார் ரூமில் அடித்த போன்

யானை இறங்கினால் தோட்டத்தில் இருக்கிறவர்களுக்குப் போன் போக வேண்டும். என்னிடம் கேட்டது அவ்வளவுதான். கேட்டவர்கள் தேவாரம் பக்கம் மலையடியில் நிலம் வைத்து விவசாயம் பார்க்கும் சம்சாரிகள். அவர்களை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தவன் என் அண்ணன்.

எங்களுக்கு ராசிங்காபுரம். அண்ணன் பி.காம் முடித்துவிட்டு விவசாயத்தையே எடுத்துக்கொண்டான். நான் மதுரையில் கம்ப்யூட்டர் படித்து, சென்னையில் சில வருஷம் வேலை பார்த்து, கொரோனாவுக்கு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஊரில் நெட் விட்டு விட்டு வந்ததால் போடியில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, அங்கிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்கிறேன். அண்ணனுக்கு ஊரில் இருக்கிற வயல் போக தேவாரத்து மலையடியில் ஒரு வாழைத் தோட்டமும் உண்டு. அதற்கு இரண்டு தோட்டம் தள்ளி, பயிருக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒருவரை யானை தூக்கிப் போட்டுவிட்டது. உயிர் பிழைத்தார். கால் மட்டும் பழையபடி வரவில்லை. யானை இறங்கிய சேதி அன்றைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வந்துதான் இருந்தது. மண்வெட்டி பிடித்த கையோடு அதை யார் பார்ப்பார்கள்? மெசேஜ் வேண்டாம், போன் அடிக்கிற மாதிரி செய்து கொடு என்றார்கள்.

செய்து கொடுத்தேன். மலையோரம் சுற்றும் வனத்துறை வாச்சர் யானையைப் பார்த்ததும் தன் போனில் ஒரு பொத்தானை அமுக்குவார். அது என் சர்வருக்கு வரும். என் சர்வர் உடனே பெங்களூரில் இருக்கும் ஒரு கம்பெனியின் சர்வருக்கு விஷயத்தைச் சொல்லும். அந்தக் கம்பெனியின் வேலையே ஒரே நேரத்தில் பல பேருக்குப் போன் போட்டுப் பதிவு செய்த குரலைக் கேட்க வைப்பதுதான்.

ஒரு சர்வர் இன்னொன்றுக்கு விஷயம் சொல்வதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. யார் யாருடைய நம்பர், எந்தப் பக்கம், எந்தக் குரல் பதிவு, எடுக்காவிட்டால் திரும்ப அடிக்க வேண்டுமா என்பதையெல்லாம் சுருள் அடைப்புக்குள், பெயரும் அதற்கான பதிலுமாக, அடுக்கி எழுதி அனுப்ப வேண்டும். ஜேசன் என்று அதற்குப் பெயர். வேலை பார்க்கும்போது போனில் யாரிடமோ “ஜேசனை அனுப்பிட்டேன், போய்ச் சேரல” என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அந்தப் பையன் எந்த ஊர் என்று மதினி விசாரித்தது எங்கள் வீட்டில் ரொம்ப நாள் சிரிப்பாக இருந்தது. மதினி என்றால் அண்ணன் மனைவி. போனில் ஒலிக்கும் குரலும் மதினியுடையதுதான். கம்ப்யூட்டர் குரல் யானை என்பதையே ஏதோ சாமான் பெயர் மாதிரி சொன்னது. அதனால் மதினியைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தேன். “யானை எறங்கிருச்சு. தண்ணி கட்டுறவுக எல்லாம் வெரசா பத்திரமான எடத்துக்குப் போயிருங்க.”

இந்த ஜேசன் சும்மா போகாது. எச்.டி.டி.பி.எஸ். என்ற பாதுகாப்பான வழியில்தான் போகும். அந்த வழிக்கு இரண்டு வேலை. நடுவில் யாரும் எடுத்துப் படிக்க முடியாமல் பூட்டி அனுப்புவது ஒன்று. அதற்கும் முன்னால், எதிரில் இருப்பது நிஜமாகவே அந்தக் கம்பெனிதானா என்று அதன் சான்றிதழை வாங்கிப் பார்ப்பது. சான்றிதழ் சரியில்லை என்றால் என் சர்வர் ஓர் எழுத்துக்கூட அனுப்பாது. அப்படித்தான் எழுதியிருந்தேன்.

சில மாதம் ஒழுங்காக நடந்தது. யானை வந்தது, போன் போனது, ஆட்கள் விலகினார்கள்.

அன்றைக்கு நான் கம்பெனி வேலையை முடித்துவிட்டு டீ போட்டுக்கொண்டிருந்தேன். பொழுது இறங்கிவிட்டது, விளக்கு இன்னும் போடவில்லை. அந்த வாரம் மோட்டார் ஓட்டுவதற்கான மும்முனைக் கரண்டு சாயங்காலம்தான் விட்டார்கள். அதனால் அண்ணன் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பான் என்று தெரியும். லேப்டாப்பில் வாச்சர் பொத்தானை அமுக்கியதற்கான மணி அடித்தது. சரி என்று டீயை வடிகட்டினேன். சோதனைக்காக என் நம்பரையும் அந்த வரிசையில் சேர்த்து வைத்திருந்தேன். வாச்சர் அமுக்கினால் டம்ளரை எடுப்பதற்குள் என் போனும் அடித்துவிடும்.

அடிக்கவில்லை.

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்து பார்த்தேன். திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி. எதிர்ப்பக்கத்துச் சான்றிதழை உறுதிசெய்ய முடியவில்லை, இணைப்பு துண்டிக்கப்பட்டது. சர்வர் தானாகவே மறுபடி முயன்றது. மறுபடியும் அதே வரி. ஒரு போன்கூடப் போகவில்லை.

அண்ணனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.

வாச்சரைக் கூப்பிட்டேன். பெரியது இரண்டு, குட்டி ஒன்று, ஓடை வழியாக இறங்கி வாழைப் பக்கமாகப் போகிறது என்றார். அவர் நிற்கும் இடத்திலிருந்து அந்தப் பக்கம் வர நேரமாகும், ரேஞ்ச் ஆபீசுக்குச் சொல்லியாகிவிட்டது, ஜீப் கிளம்பும் என்றார். “போன் எல்லாருக்கும் போயிருச்சுல்ல தங்கச்சி?” என்று கேட்டார். போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் அப்படித்தான் சொன்னது.

சென்னையில் என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பனுக்கு அடித்தேன். சர்வர் விஷயத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன். விஷயத்தைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை. “சான்றிதழ் பாக்குறத ஆஃப் பண்ணிடு. ஒரே வரி. முதல்ல போன் போகட்டும், நாளைக்கு உக்காந்து சரி பண்ணிக்கலாம்” என்றான். அவசரத்துக்கு எல்லோரும் செய்வதைத்தான் அவனும் சொன்னான். அந்த வரி எனக்கும் தெரியும். கோப்பைத் திறந்து அதை அடித்தும் விட்டேன்.

சேமிக்கிற பொத்தானில் விரலை வைத்தவள் அமுக்கவில்லை. எதிரில் சான்றிதழோடு நிற்பது அந்தக் கம்பெனிதானா என்று என் சர்வருக்குத் தெரியவில்லை. கம்பெனிதான் என்றால் நல்லது, போன் போகும். வேறு யாரோ நடுவில் உட்கார்ந்திருந்தால்? எந்தெந்த ஆள் இருட்டில் எந்தத் தோட்டத்தில் தனியாக இருக்கிறார் என்ற விவரம், அவர்கள் நம்பர், என்னை அடையாளம் காணக் கம்பெனி கொடுத்த ரகசியச் சாவி, எல்லாம் அவன் கைக்குப் போகும். போனது போகட்டும் என்று வைத்துக்கொண்டாலும், வாங்கிக்கொண்டவன் ‘சரி, அனுப்பியாச்சு’ என்று ஒரு பச்சை வரியைத் திருப்பி அனுப்பினால் நானும் அனுப்பியாச்சு என்று நம்பி உட்கார்ந்திருப்பேன். தோட்டத்தில் ஒருவருக்கும் போன் அடித்திருக்காது.

சிவப்பு வரி இருக்கிறவரைக்கும் போன் போகவில்லை என்பதாவது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் அந்த வரியைச் சேமிக்காமல் மூடிவிட்டு மதினிக்கு அடித்தேன்.

சர்வர் வேலை செய்யவில்லை, நாமே ஆளுக்குப் பாதியாகப் போன் போட வேண்டும், நம்பர்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றேன். அண்ணன் எடுக்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். மதினி முந்திக்கொண்டார். குரூப்பில் வாச்சர் போட்டதைப் பார்த்ததும் முதல் போன் அவனுக்குத்தான் போட்டிருக்கிறார்.

“அவுக எடுக்கல. நீ அனுப்பு, நான் மத்தவுகளுக்குப் போடுறேன்” என்றார். குரல் ஒன்றும் ஆடவில்லை.

அப்புறம் ஒவ்வொரு நம்பராக அடித்தேன். சிலர் எடுத்தார்கள். சிலர் எடுத்து, “அந்தக் குரல்ல வரலையேத்தா, நெசமாவா?” என்று கேட்டு நேரத்தைக் கடத்தினார்கள். அண்ணன் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம் ஒரு மாமாவுடையது. உறவு முறையில் மாமா, ஊரில் எல்லோருக்கும் அவர் மாமாதான். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தார். யானை வாழைப் பக்கம் வருகிறது, அண்ணன் போனை எடுக்கவில்லை, நீங்கள் பத்திரமாகப் போய்விடுங்கள் என்றேன். அண்ணனைப் போய்ப் பாருங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. அவர் உடனே போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் அடித்த நம்பர்களில் யார் என்ன பேசினார்கள் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. காது அந்தத் தோட்டத்தில் இருந்தது.

மாமா திரும்ப அழைத்தார். குசுகுசுவென்று பேசினார். வரப்பு வழியாக ஓடி அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு இரண்டு பேரும் மோட்டார் ரூம் மொட்டைத் தளத்தில் ஏறிவிட்டார்களாம். அண்ணன் சட்டையும் போனும் கீழே ரூமுக்குள் ஆணியில் தொங்குகிறதாம். சத்தம் கேட்கிறது, இன்னும் கண்ணில் படவில்லை, வைக்கிறேன் என்றார்.

மதினிக்குச் சொன்னேன். “சரி. எனக்கு இன்னும் நாலஞ்சு பேரு எடுக்கல” என்றார்.

எனக்கும் எடுக்காதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக சர்வரைச் சரிசெய்தே ஆக வேண்டும். அந்தக் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். அன்று மத்தியானம்தான் சான்றிதழை மாற்றினோம், வழங்கிய நிறுவனமும் வேறு என்று பெயரைச் சொன்னாள். சான்றிதழ் வழங்குகிறவர்களில் யார் யாரை நம்பலாம் என்று என் சர்வரில் ஒரு கோப்பு இருக்கும். பழைய சர்வர், பழைய கோப்பு. அதில் இந்தப் புதுப் பெயர் இல்லை. நடுவில் யாரும் இல்லை. கம்பெனிதான் நின்றுகொண்டிருந்திருக்கிறது, என் சர்வருக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. நண்பன் சொன்னபடி செய்திருந்தாலும் போன் போயிருக்கும். அது இப்போது தெரிகிறது. அப்போது எப்படித் தெரியும்?

புதுக் கோப்பை இறக்கிப் போட்டேன். என் நம்பருக்கு மட்டும் ஒரு சோதனை. போன் அடித்தது, மதினி குரல் பேசியது. பிறகு மொத்தப் பேருக்கும் அனுப்பினேன். பச்சை வரி வந்தது. என் போன் மறுபடியும் அடித்தது. நாற்காலியில் சாய்ந்தேன். டீ ஆடை படிந்து கிடந்தது.

அந்தச் சாய்வு நிலைக்கவில்லை. மாமா அழைத்தார். இந்தத் தடவை குரல் வெறும் மூச்சாக இருந்தது.

“கீழ போனு அடிக்குதுத்தா. நிக்கிது, திரும்ப அடிக்குது. பெருசு கதவுகிட்ட வந்துருச்சு. நிப்பாட்டு.”

அவர் வைத்துவிட்டார்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. எடுக்காதவர்களுக்கு இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப அடிக்கும்படி நான்தான் எழுதியிருந்தேன். தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் முதல் மணி கேட்காது, விடாமல் அடிக்கச் சொல் என்று அவர்களே கேட்டு வாங்கியது. மாமாவின் போனுக்கும் அந்த அழைப்பு போயிருக்கிறது. அவர் எடுத்துத் துண்டித்துவிட்டதால் அதோடு நின்றது. அண்ணன் போனை எடுக்க ஆள் இல்லை. அது ஆணியில் தொங்கும் சட்டைப் பையிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். தகரக் கதவுக்கு இந்தப் பக்கம் போன், அந்தப் பக்கம் யானை, மேலே இரண்டு பேர்.

அனுப்பியதை நிறுத்துவதற்கும் அந்தக் கம்பெனியிடம் ஒரு வழி உண்டு. எந்த நம்பரை நிறுத்த வேண்டும் என்று இன்னொரு ஜேசன் அனுப்ப வேண்டும். அதை நான் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. அவர்கள் விளக்கக் குறிப்பைத் திறந்து பார்த்து எழுதினேன். அண்ணன் நம்பரைக் கையாலேயே அடித்தேன். அனுப்பினேன்.

பாதுகாப்பு வழி திறந்தது. சான்றிதழ் சரியாக இருந்தது. ஆனால் திரும்பி வந்த பதில், ‘தவறான எண்’.

நம்பரைச் சரிபார்த்தேன். சின்ன வயதிலிருந்து பார்க்கிற நம்பர் இல்லையென்றாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சரியாகத்தான் இருந்தது. மறுபடி அனுப்பினேன். மறுபடி தவறான எண். ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்தேன். அங்கே இந்நேரம் இன்னொரு சுற்று அடிக்கத் தொடங்கியிருக்கும் என்ற நினைப்பு இலக்கங்களுக்கு நடுவில் வந்து வந்து போனது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு திரை கலங்கியது. துடைத்துவிட்டு, முன்பு சரியாகப் போன ஜேசனை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அதில் நம்பர் மேற்கோள் குறிக்குள் இருந்தது. இதில் இல்லை.

மேற்கோளுக்குள் இருந்தால் அது எழுத்து. வெளியே இருந்தால் கூட்டிக் கழிக்கிற எண். போன் நம்பரை எழுத்தாகத்தான் அந்தக் கம்பெனி வாங்கும். வழக்கமாக என் புரோகிராமே மேற்கோளைப் போட்டுவிடும். அன்றைக்குக் கையால் அடித்ததில் விட்டுப்போயிருக்கிறது. முன்னும் பின்னும் அந்த இரண்டு குறிகளைப் போட்டு அனுப்பினேன். ‘ரத்து செய்யப்பட்டது’ என்று வந்தது.

நிஜமாகவே நின்றதா என்று யாரைக் கேட்பது? மாமாவுக்கு அடிக்க முடியாது. அவர் போனில் மணிச் சத்தத்தை அமத்தியிருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. மதினிக்கு அடித்து, யாரும் அந்த இரண்டு பேருக்கும் போன் பண்ணிவிடக் கூடாது, ஊரிலும் சொல்லிவிடுங்கள் என்றேன். ஏன் என்று மதினி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். “சரித்தா” என்றவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்த வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, அதை யாரோ அணைத்தார்கள். அம்மா என்ன என்ன என்று கேட்பதும் மதினி மெதுவாக ஏதோ பதில் சொல்வதும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தோம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே தெருவில், மலை மேல் மெட்டிலிருந்து எஸ்டேட் ஆட்களைக் கூட்டி வந்து இறக்கிவிட்ட ஜீப்புகள் ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொரு ஹாரனுக்கும் உடம்பு தூக்கிப் போட்டது.

மதினி போனில் வேறு அழைப்பு வரும் சத்தம் கேட்டது. “அவுகதான்” என்று சொல்லி என்னைத் துண்டித்துவிட்டார். கொஞ்சம் கழித்து எனக்கும் வந்தது, அண்ணன் நம்பரிலிருந்து.

“ஏத்தா, எறங்கிட்டேன். வனத்துறை ஜீப்பு வந்து வெளிச்சம் போட்டு வெரட்டுனாங்க. மாமாவும் நல்லாருக்காரு. நீ சாப்ட்டியா?”

சாப்பிட்டேன் என்றேன்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் தேவாரம் போனேன். பத்திருபது வாழையைச் சாய்த்து, குருத்தை மட்டும் உருவித் தின்றுவிட்டு யானைகள் போயிருந்தன. தண்ணீர்க் குழாய் மிதிபட்டு நசுங்கியிருந்தது. மோட்டார் ரூம் தகரக் கதவு உள்ளுக்கு வளைந்திருந்தது. அதன் முன்னால் நின்று பார்த்தேன், கிட்டப் போகப் பிடிக்கவில்லை.

பெரிய யானை கதவில் தும்பிக்கையை வைத்துத் தடவியது, ஒரு தடவை தள்ளியது என்று அண்ணன் சொன்னான். போன் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருக்கிறது. அப்புறம் வாழைக்குப் போய்விட்டது. வாச்சரும் அங்கே வந்திருந்தார். ரூமுக்குள் எட்டிப் பார்த்தவர், மூலையில் தவிட்டு மூட்டை இருப்பதைக் காட்டி, போனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை தங்கச்சி, தவிட்டு வாசனைக்கு வந்திருக்கு என்றார். எனக்கு ஆறுதலுக்குச் சொன்னாரா, தெரிந்துதான் சொன்னாரா என்று கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவன் குழாயை ஒட்டுவதற்குப் பசைக் குப்பியைத் திறந்துகொண்டே, “தவிட்ட இன்னைக்கே வீட்டுக்குக் கொண்டு போயிரணும்” என்று மட்டும் சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிப் பேசினார்கள். திரும்ப அடிக்கவே வேண்டாம் என்று பாதிப் பேர். அப்படியானால் கேட்காதவன் கதி என்ன என்று மீதிப் பேர். கடைசியில், ஒரு தடவைதான் அடிப்பது, எடுக்காவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் வீட்டுக்கும் போன் போவது என்று முடிவானது. அதன்படி மாற்றி எழுதினேன். சான்றிதழ்க் கோப்பு தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படியும், தினமும் பொழுது சாயுமுன் என் நம்பருக்கு ஒரு சோதனை அழைப்பு வரும்படியும் செய்து வைத்தேன். அது வருகிறவரைக்கும் என்னால் வேறு சோலி பார்க்க முடிவதில்லை.

அதற்குப் பிறகும் யானை வந்திருக்கிறது. போன் போயிருக்கிறது, ஆட்கள் விலகியிருக்கிறார்கள். பச்சை வரி வந்ததும் எழுந்துபோய் வேறு வேலை பார்க்கலாம், திரையில் அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் அண்ணன் தோட்டத்தில் இருக்கிற நாளில் நான் எழுந்திருப்பதில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று அவனே ஒரு போன் போடுவான். அதுவரைக்கும் திரையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.